முதல் கார்டுக்கு ஜோடி தேடும்போது

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் 19 வயதுக்கு உட்பட்ட கூடைப்பந்து அணியில் அருமையான ஒரு பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவன்) இருக்கிறான், உயரம் 5 அடி 8 அங்குலம், ஆட்டம் முழுக்கப் பந்து அவன் கையில்தான். அவனோடு இரண்டாவது கார்டாகச் சேர்ந்து இறங்க மூன்று பேர் போட்டியில் இருக்கிறார்கள். முதல் பையன் இவனைப் போலவே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (டிரிபிள்) உள்ளே புகுந்து ஸ்கோர் எடுப்பவன், உயரமும் கிட்டத்தட்ட அதே. அடுத்தவன் 6 அடி 1 அங்குலம், ஒல்லி, டிஃபென்ஸ் நன்றாக ஆடுவான், ஷாட் விழாது. மூன்றாமவனுக்கு நின்ற இடத்தில் பந்து கிடைத்தால் ஷாட் விழும், எதிராளி நெருக்கினால் கை தடுமாறும். "இவர்களில் யார் சிறந்தவன் அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிறந்தவன் யார் என்று தேடினால் உங்களுக்கு முதல் பையன்தான் கிடைப்பான். அப்படித் தேடிக் கெட்டவன் நான், அதனால் அதையே முதலில் சொல்கிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நான் மாலையில் பயிற்சி கொடுக்கும் அணியில் சில வருடங்களுக்கு முன்பு இரண்டு பிரமாதமான பையன்கள் இருந்தார்கள். இரண்டு பேருமே சின்ன வயதில் கால்பந்து ஆடியவர்கள், கால் அவ்வளவு வேகம், இரண்டு பேருக்கும் பந்து கையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேரையும் சேர்த்து இறக்கினேன். பயிற்சியில் பார்க்கக் கண் கொள்ளாக் காட்சி. மேட்ச் என்று வந்தபோது ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு ஆடினால் மற்றவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான், அடுத்த தடவை அவன் முறை, இவன் நின்றான். தடுக்கப் போனால் எதிரணியின் உயரமான கார்டை எந்தப் பையனாலும் பிடிக்க முடியவில்லை, அவன் தலைக்கு மேலே ஷாட் போட்டுக்கொண்டே இருந்தான். அந்த சீசன் முழுக்க நான் பையன்களைத்தான் குறை சொன்னேன். ஜோடி சேர்த்தது நான் என்று உறைக்க வெகுநாள் ஆயிற்று.

பெரிய இடத்திலும், அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில், இதே தப்பு நடந்திருக்கிறது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2009-ல் ஸ்டெஃபன் கரியை எடுத்தபோது அங்கே ஏற்கெனவே மோன்டா எல்லிஸ் இருந்தார், ஆட்டத்துக்கு இருபது, இருபத்தைந்து புள்ளி எடுக்கக்கூடிய ஆள், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. கரி 6 அடி 2, எல்லிஸ் 6 அடி 3, இரண்டு பேருக்கும் கையில் பந்து வேண்டும். அந்த சீசன் தொடங்கும் முன்பே, நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடினால் ஜெயிக்க முடியாது என்று எல்லிஸே வெளிப்படையாகச் சொன்னார். 2012 மார்ச்சில் அவரை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு ஆண்ட்ரூ போகட் என்ற சென்டரை (ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) வாங்கினார்கள். கொஞ்ச நாளில், பழைய நட்சத்திரம் கிறிஸ் மல்லினின் ஜெர்சியைக் கௌரவித்த இரவில், அணியின் உரிமையாளர் பேச எழுந்ததும் சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டு அவரைப் பேச விடவில்லை. எல்லிஸின் இடத்துக்கு வந்தவர் முந்தைய வருடம் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வில் 11-வது ஆளாக எடுக்கப்பட்ட கிளே தாம்ப்சன். ஆறரை அடி, பந்தைக் கேட்டுக் கை நீட்டாத மனிதர், எதிரணியின் நல்ல கார்டைத் தானே பிடித்துக்கொள்வார். 2015, 2017, 2018, 2022 என்று நான்கு கோப்பைகள் அந்த ஜோடிக்கு. எல்லிஸ் மோசமான ஆட்டக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கரிக்குத் தேவைப்பட்ட ஜோடி அவர் இல்லை.

என் தாத்தா ஈரோட்டுப் பக்கம் விவசாயி. ஒரு மாடு வீட்டில் இருக்கும்போது அதற்கு ஜோடி வாங்கச் சந்தைக்குப் போவார், சந்தையிலேயே பெரிய மாடு எது என்று ஒருநாளும் பார்க்கமாட்டார். வீட்டு மாடு வலத்து மாடா இடத்து மாடா, நடை வேகமா நிதானமா, எந்தப் பக்கம் இழுக்கிறது, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததின் கழுத்தில் கை வைப்பார். நீங்களும் அந்த மூன்று பேரைப் பார்க்கும் முன்பு உங்கள் பாயின்ட் கார்டை உட்கார்ந்து எழுதுங்கள். அவன் என்ன செய்கிறான் என்பதைப் பாதிப் பக்கத்தில் முடித்துவிட்டு, அவனால் என்ன முடியாது என்பதற்கு மீதிப் பக்கத்தை ஒதுக்குங்கள்.

அவனால் முடியாததில் முதலாவது எல்லோருக்கும் தெரியும், உயரமான கார்டைத் தடுப்பது. 5 அடி 8 உள்ள பையன் எவ்வளவு மூர்க்கமாக ஆடினாலும் 6 அடி 2 உள்ளவன் முதுகைக் காட்டி அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி, எதிரணியின் சிறந்த கார்டை யார் பிடிப்பது? உங்கள் சின்னப் பையனுக்கு எதிரணியின் சாதாரண கார்டைக் கொடுத்துவிட்டு மிரட்டும் கார்டை இன்னொருவன் ஏற்க வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் ஆலன் ஐவர்சன் விஷயத்தில் கோச் லாரி பிரவுன் செய்தது இதன் தலைகீழ் வடிவம். ஐவர்சன் 6 அடிதான், ஆனால் ஸ்கோர் எடுப்பதில் புலி. அவரை ஷூட்டிங் கார்டாக (ஷாட் போடுவதே முக்கிய வேலையான இரண்டாவது கார்டு) மாற்றிவிட்டு, பக்கத்தில் எரிக் ஸ்னோ என்ற 6 அடி 3 ஆளைப் பாயின்ட் கார்டாக வைத்தார். ஸ்னோ பந்தை மேலே கொண்டு வருவார், சலிக்காமல் தடுப்பார், தனக்கு ஷாட் வேண்டும் என்று அடம்பிடிக்கமாட்டார். 2001-ல் ஐவர்சன் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், அணி இறுதிப் போட்டி வரை போனது. தாளில் எழுதும் இடம் பாயின்ட் கார்டா ஷூட்டிங் கார்டா என்பதே பெரிய விஷயமில்லை, யார் எந்த வேலையைச் செய்கிறான் என்பதுதான் விஷயம்.

இதை மீறி ஆடியவர்களும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. போர்ட்லேண்டில் டேமியன் லில்லார்டும் சி.ஜே. மெக்காலமும் ஒன்பது சீசன் போல ஒன்றாக இருந்தார்கள், 6 அடி 2, 6 அடி 3, இரண்டு பேருமே பார்த்தால் வாய் பிளக்க வைக்கும் ஸ்கோரர்கள். 2019-ல் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போய் அங்கே வாரியர்ஸிடம் 4-0 தோற்றார்கள், 2022 பிப்ரவரியில் மெக்காலமை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். எனக்கு அந்த ஜோடி ரொம்பப் பிடிக்கும், இன்றைக்கும் அந்த ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பேன். ஆனால் அவ்வளவு திறமை இருந்தும் அதற்கு மேல் ஏற முடியவில்லை, தடுப்பில் ஒழுகியதை ஸ்கோரால் அடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்பதுதான் என் கணிப்பு. அட்லாண்டாவில் டிரே யங்குக்கு ஜோடியாக 2022-ல் டிஜான்டே மரேவை புது ஆட்டக்காரர்களை எடுக்கும் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து வாங்கினார்கள். அதற்கு முந்தைய சீசனில்தான் அவர் எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பதில் (ஸ்டீல்) லீகிலேயே முதலாவதாக வந்திருந்தார், எனவே தடுப்புக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நானும் நம்பினேன். வந்த இடத்தில் அவருக்கும் கையில் பந்து இருந்தால்தான் ஆட்டம் வந்தது. முதல் வருடம் 41 வெற்றி 41 தோல்வி, அடுத்த வருடம் 36-46, அத்தோடு பிரிந்தார்கள். ஆக, தடுப்பவன் என்ற பெயர் மட்டும் போதாது.

சரி, அடுத்து பந்து கையில் இல்லாத நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் பாயின்ட் கார்டு ஒவ்வொரு தாக்குதலிலும் ஷாட் போடக் கிடைக்கும் 24 வினாடியில் பதினைந்து வினாடி பந்தை வைத்திருக்கிறான் என்றால் மீதி நான்கு பேருக்கும் சேர்த்தே ஒன்பது வினாடிதான். இரண்டாவது கார்டு ஒரு ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் வெறும் கையோடுதான் இருக்கப்போகிறான். அந்த வெறும் கை நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவனுடைய முழு மதிப்பும் இருக்கிறது. 2016 டிசம்பர் 5 அன்று இண்டியானாவுக்கு எதிராக கிளே தாம்ப்சன் 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார், அன்று மொத்தம் 11 தடவைதான் பந்தைத் தரையில் தட்டினார், பந்து அவர் கையில் இருந்த நேரம் எல்லாம் கூட்டினாலும் 90 வினாடி. எங்கள் பையன்களுக்கு இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள், வீடியோ போட்டுக் காட்டினேன். அவர் நிற்கவே இல்லை. ஸ்கிரீனுக்கு (எதிராளியை மறிக்க நிற்கும் சக ஆட்டக்காரருக்கு) பின்னால் ஓடுகிறார், திரும்புகிறார், மறுபடி ஓடுகிறார், பந்து வரும்போது கால் ஏற்கெனவே ரிங்கைப் பார்த்துத் தயாராக இருக்கிறது.

இங்கே நம் நாட்டுக்குச் சொந்தமான ஒரு உதாரணம் உண்டு. ஸ்டீவ் நாஷ் பிறந்தது ஜோஹன்னஸ்பர்க்கில், 1974-ல், குழந்தையிலேயே கனடா போய்விட்டார். 2005, 2006 இரண்டு வருடமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர். ஃபீனிக்ஸ் சன்ஸில் (டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருப்பவர்கள் மன்னிக்கவும், இது அமெரிக்க ஊர்) அவருக்குப் பந்து எப்போதும் கையில், உங்கள் பையன் மாதிரியேதான். டிஃபென்ஸ் அவர் பலம் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். முதல் வருடம் பக்கத்தில் ஜோ ஜான்சன், 6 அடி 7, அந்த சீசனில் த்ரீ பாயின்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) 47.8 சதவீதம், சன்ஸ் 62 ஆட்டம் ஜெயித்தது. அவர் அட்லாண்டா போனதும் ராஜா பெல்லைக் கொண்டு வந்தார்கள். பெல் ஜான்சன் அளவுக்குத் திறமைசாலி இல்லை, பேரும் பெரிசாக இல்லை. ஆனால் மூலையில் நின்று த்ரீ பாயின்டரை 40 சதவீதத்துக்கு மேல் போட்டார், ஒவ்வொரு இரவும் எதிரணியின் மிக மோசமான தலைவலியைத் தானே பிடித்துக்கொண்டார், கோபி பிரையன்ட் உட்பட. 2007-ல் லீகின் சிறந்த தடுப்பாளர்கள் ஐந்து பேரின் பட்டியலில் அவர் பெயர் வந்தது. நாஷால் செய்ய முடியாத இரண்டு மூன்று வேலையை ஒரே ஆள் செய்தார். எனக்கு இரண்டாவது கார்டு என்றாலே மனக்கண்ணில் வருவது பெல்தான்.

இப்போது உங்கள் ஒல்லிப் பையனுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் விடை அவனிடம்தான் இருக்கிறது, சிக்கலும் அவனிடம்தான். ஷாட் விழாத தடுப்பாளனை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015 பிளேஆஃபில் (சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்று) மெம்ஃபிஸ் அணியின் டோனி ஆலனைப் பாருங்கள். லீகில் அவரைப் போலத் தடுப்பவர்கள் அபூர்வம், வாரியர்ஸை 2-1 என்று பின்தள்ளி வைத்திருந்தார்கள். நான்காவது ஆட்டத்தில் வாரியர்ஸ் தங்கள் சென்டர் போகட்டையே ஆலனுக்கு ஆளாகப் போட்டது. போகட் அவர் பக்கமே போகவில்லை, ரிங்குக்குக் கீழே போய் நின்றுகொண்டார். ஆலன் தனியாக நிற்கிறார், ஷாட் போடு என்று விட்டுவிட்டார்கள், விழவில்லை. மெம்ஃபிஸின் மற்ற நான்கு பேருக்கும் உள்ளே நுழைய இடமே இல்லாமல் போனது. தொடர் 4-2 என்று முடிந்தது. உங்கள் ஊர் லீகில் எதிரணி கோச்சுகளுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள், இரண்டு ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் உங்கள் பாயின்ட் கார்டு உள்ளே புகும்போதெல்லாம் இரண்டு பேர் காத்திருப்பார்கள்.

அப்படியும் நான் அவனைத்தான் சொல்வேன். காரணம் எளிது. 6 அடி 1-ஐ யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, பக்கவாட்டில் சறுக்கும் அந்தக் காலையும் 18 வயதுக்கு மேல் வாங்கித் தருவது கஷ்டம். மூலையில் நின்று கைக்கு வரும் பந்தை அடிப்பது ஒன்றைச் சொல்லிக்கொடுக்க முடியும். எல்லா இடத்திலிருந்தும் ஷாட் வேண்டாம், இரண்டு மூலை மட்டும் போதும். நாம் ஆடும் ஃபீபா (சர்வதேச கூடைப்பந்து அமைப்பு) விதியில் த்ரீ பாயின்டர் கோடு மேலே 6.75 மீட்டர், மூலையில் 6.60, கொஞ்சம் கிட்டே. வாரம் நான்கு நாள், ஒரு மூலைக்கு ஐம்பது, பந்தை அவனுக்குக் கொடுப்பது உங்கள் பாயின்ட் கார்டாகவே இருக்கட்டும், உள்ளே புகுந்து திரும்பி வெளியே வீசும் அந்த அசல் பாஸிலேயே பழகட்டும். எண்ணி நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டினாலே எதிராளி அவனை விட்டு நகர யோசிப்பான். இது நடக்குமா என்று இன்றே தெரிந்துகொள்ள ஒரு வழி, அவனுடைய ஃப்ரீ த்ரோவை (ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் நின்று போடும் ஷாட்) பாருங்கள். ஆட்டத்தில் ஷாட் விழாவிட்டாலும் ஃப்ரீ த்ரோ பத்துக்கு ஏழு விழுகிறது என்றால் கை சரியாக இருக்கிறது, அவசரம்தான் கெடுக்கிறது, அது திருத்தக்கூடியது. பத்துக்கு நான்குதான் என்றால் முதலிலிருந்து கையைக் கட்டி எழுப்ப வேண்டும், அப்போது ஒரு சீசன் தள்ளித்தான் பலன், இந்த வருடத்துக்கு மூன்றாமவனை வைத்து ஓட்டுங்கள்.

மூன்றாவது விஷயத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் பாயின்ட் கார்டு ஒருவன்தான் பந்தைக் கொண்டு வருகிறான் என்று தெரிந்தால் எதிரணி என்ன செய்யும்? யாரும் அவனுக்குப் பாஸ் போட முடியாமல் அவனை மட்டும் மறித்துக்கொண்டு முழு மைதானத்துக்கும் பிரஸ் போடும், அதாவது பந்து பாதிக் கோட்டைத் தாண்டும் முன்பே நெருக்கும். 8 வினாடிக்குள் பந்து பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும், அந்த நேரத்தில் இரண்டாவது கார்டு பந்தை வாங்கி நான்கு டிரிபிள், ஒரு பாஸ், இவ்வளவையாவது பதறாமல் செய்ய வேண்டும். அழகாக இருக்க வேண்டாம். பத்து நிமிடம் பாயின்ட் கார்டைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மற்ற மூவரையும் மாற்றி மாற்றிப் பிரஸ்ஸுக்கு எதிரே நிறுத்துங்கள், இரண்டு பேர் பாய்ந்து வரும்போது யார் தலை நிமிர்ந்து பார்க்கிறான், யார் பந்தைப் பார்த்துக் குனிகிறான் என்று கவனியுங்கள். மூன்றாமவனை நான் முதல் ஐவரில் போடத் தயங்குவது இதனால்தான், அவன் தடுமாறுவான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒல்லிப் பையன் உயரத்தால் பந்தைத் தலைக்கு மேலே பிடித்து முன்னால் எறிந்துவிடலாம், அதுவே பாதித் தீர்வு.

தேர்வு நாளில் ஒருவனோடு ஒருவனை மோத விட்டுப் பார்க்காதீர்கள், அதில் ஸ்கோரர்தான் ஜெயிப்பான். ஐந்துக்கு ஐந்து ஆட்டம் வையுங்கள், பாயின்ட் கார்டு ஒரே பக்கத்தில் நிரந்தரமாக இருக்கட்டும், பக்கத்து ஆளை மட்டும் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நோட்டில் ஒவ்வொருவன் இருந்தபோதும் நம் பக்கம் எத்தனை, எதிர்ப்பக்கம் எத்தனை என்று இரண்டு எண் போதும். ஒரு நாள் கணக்கை நம்ப வேண்டாம், நம் பக்கத்து ஈரப்பதத்தில் பிப்ரவரி மாலை ஒன்றில் யார் வேண்டுமானாலும் சோர்ந்து போவான். ஆறேழு நாள் சேரட்டும். அத்தோடு எண்ணில் வராத ஒன்றையும் பாருங்கள். பாயின்ட் கார்டு பாஸ் கொடுக்காமல் தானே ஷாட் போட்டுத் தவறவிட்டதும் அவன் ஜோடி என்ன செய்கிறான்? கையை விரித்துக்கொண்டு நிற்கிறானா, திரும்பித் தடுக்க ஓடுகிறானா? நான் இதற்குத் தனியாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், அந்தக் கோடு எனக்கு ஸ்கோரை விட அதிகம் சொல்லியிருக்கிறது.

அப்போது முதல் பையன்? அவனை இழக்கவே கூடாது, அவன் உங்கள் அணியின் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரன். ஹூஸ்டனில் 2017-18-ல் ஜேம்ஸ் ஹார்டன், கிறிஸ் பால் என்று பந்தை ஆளும் இரண்டு பேரை வைத்திருந்தார்கள். சேர்ந்து தொடங்குவார்கள், அப்புறம் மாற்றி மாற்றி உட்கார வைத்து, களத்தில் எந்த நேரமும் இருவரில் ஒருவராவது இருக்கும்படி நிமிடங்களைப் பிரித்தார்கள், 65 ஆட்டம் ஜெயித்தார்கள். உங்கள் பையன் பெஞ்சிலிருந்து வரட்டும். பாயின்ட் கார்டு ஓய்வெடுக்கும் நேரம் முழுக்க ஆட்டம் அவனுடையது, பந்தும் அவனுடையது. நாற்பது நிமிட ஆட்டத்தில் அவனுக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாது. கடைசி இரண்டு நிமிடத்தில் பின்தங்கியிருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து இறக்குங்கள், முன்னால் இருந்தால் ஒல்லிப் பையன். மூன்றாமவனான ஷூட்டரை எதிரணி ஸோன் (ஆளைப் பிடிக்காமல் இடத்தைப் பிரித்துத் தடுப்பது) போடும்போது இறக்குங்கள், ஸோனை உடைக்க அவனை விட நல்ல ஆள் உங்களிடம் இல்லை.

பெஞ்சிலிருந்துதான் வர வேண்டும் என்பதை முதல் பையனிடம் எப்படிச் சொல்வது என்பது தனிக் கஷ்டம், அதிலும் நம் வீடுகளில். பையன் முதல் ஐவரில் இல்லை என்றால் அப்பா அம்மா மட்டுமல்ல, சனிக்கிழமை கோயிலில் பார்க்கும் பெரியம்மா, மாமா வரை கேட்பார்கள். லிஸ்ட்டை ஒட்டிவிட்டு ஓடிவிடாதீர்கள். முந்தைய நாளே தனியாக உட்கார வைத்து, உனக்கு இந்த நிமிடங்கள், இந்த நேரத்தில் அணி உன் கையில் என்று அட்டவணையைக் காட்டிச் சொல்லுங்கள். மனு ஜினோபிலியைச் சொல்லலாம், சான் அன்டோனியோவில் பெஞ்சிலிருந்து வந்தே 2008-ல் லீகின் சிறந்த ஆறாவது ஆளாகத் தேர்வானவர், நான்கு கோப்பை வாங்கியவர். என் பழைய இரண்டு பையன்களிடம் நான் இப்படி உட்கார்ந்து பேசவில்லை, ஒருவன் சீசன் பாதியில் வருவதை நிறுத்திவிட்டான். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

இன்னொன்று, பாயின்ட் கார்டையும் விடாதீர்கள். ஜோடி என்றால் அவனும் பாதி. வாரத்தில் ஒரு நாள் பந்தை ஒல்லிப் பையன் கொண்டு வரட்டும், இவன் மூலையில் நின்று காத்திருக்கட்டும். பந்து வராமல் நிற்பது எவ்வளவு நேரம் என்று அவன் உடம்புக்குத் தெரிந்த பிறகு பாஸ் கொஞ்சம் சீக்கிரம் வரும். டெட்ராய்ட்டில் ஐசேயா தாமஸ், ஜோ டுமார்ஸ் ஜோடி 1989, 1990 இரண்டு வருடமும் கோப்பை வாங்கியபோது, முதல் வருட இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அமைதியான டுமார்ஸுக்குப் போனது, அடுத்த வருடம் ஐசேயாவுக்கு. பேர் பெற்ற நட்சத்திரம் தன் பக்கத்து ஆளுக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுத்த அணி அது.

அந்த ஃப்ரீ த்ரோ கணக்கை முதலில் எடுங்கள் தம்பி, மூன்று நாள், நாளுக்கு முப்பது, ஓடி மூச்சு வாங்கும்போது அடித்ததாக இருக்க வேண்டும். எண்ணை எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு மூலை ஷாட்டுக்கு எந்தக் காலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.